எழாத இயந்திரமும் எழ வேண்டிய மாணவரும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்



‘இது கணிப்பொறி யுகம்’ என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். கணிப்பொறி இல்லாத அலுவலகம் இல்லை, மருத்துவமனை இல்லை, ரேஷன் கடையும் இல்லை என்னும் நிலையில் வாழ்கிறோம். ஆயினும் அந்தக் கணிப்பொறி ஒரு நாள் காலை எழ மறுத்துக் கறுத்த திரையைக் காட்டி நின்றால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். கணிப்பொறி அறிவியல் பயிலும் நாமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். நிரல் எழுதக் கற்றோம். அதன் விடையை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையொப்பம் வாங்கவும் கற்றோம். ஆனால் விழுந்து கிடக்கும் இயந்திரத்தை எழுப்பக் கற்றோமா? இல்லை என்பதே நேர்மையான பதில்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். அமைவுக் கோப்பில் செய்த மாற்றத்தால் எழாமற்போன யூனிக்ஸ் வகைக் கணிப்பொறியை மீட்கும் பயிற்சி, நமது செய்முறைத் தேர்வில் ஒரு வினாவாகவே இடம்பெற வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் தேர்வாய் கண்டிகையிலிருந்தும் பேருந்தில் வந்து படிக்கும் நம்மைப் போன்றோருக்கு அது சோற்றுக்கு வழிகாட்டும் கல்வி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்க முயல்கிறேன்.

யூனிக்ஸ் என்னும் பெருங்குடும்பம்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் ஒரு சிறிய பி.டி.பி.-7 இயந்திரத்தில் தொடங்கிய முயற்சியே யூனிக்ஸ். 1973இல் அது ‘சி’ மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதன்பின் ஓர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்காமல், பல இயந்திரங்களுக்குக் குடிபெயரும் ஆற்றல் அதற்குக் கிடைத்தது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அதே நெறியில் லினக்ஸின் கெர்னலை எழுதி உலகுக்கு வழங்கினார். அவரும் அப்போது நம்மைப் போன்ற மாணவரே என்பதை நினைவில் கொள்வோமாக!

இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல். 2017 நவம்பர் முதல், உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. நம் மாநிலமும் இதில் பின்தங்கிவிடவில்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் பெயரில் இந்திய மொழிகளுக்கு ஏற்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் எல்காட் நிறுவனம் அரசுத் துறைகளிலும் பள்ளிகளிலும் லினக்ஸைப் புகுத்த முனைந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று நமது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. அந்த மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒரே வீட்டில் குடியிருந்தன.

அந்த இரட்டையரில் ஒருவர் என்ன ஆனார்? விண்டோஸ் பழுதானதும் கடைக்காரர் அதை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அப்போது வட்டின் முதற் பகுதியில் இருந்த ‘கிரப்’ என்னும் துவக்கு நிரலின் இடத்தில் விண்டோஸ் தன் நிரலை எழுதிவிட்டது. லினக்ஸ் அழியவில்லை. அதன் கோப்புகள் எல்லாம் வட்டில் பத்திரமாகவே இருந்தன. உள்ளே நுழையும் கதவு மட்டும் மறைந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை. ‘அது போய்விட்டது’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். கதவு மறைந்ததை வீடே இடிந்ததாக எண்ணிக்கொள்வதுதான் நம்மிடையே உள்ள பெருங்குறை.

ஏன் எழுவதில்லை?

கணிப்பொறி எழுவது ஒரே வீச்சில் நடக்கும் செயல் அன்று. அது அஞ்சலோட்டம் போன்றது. மின்விசையை அழுத்தியதும் பலகையில் உள்ள அடிப்படை நிரல் விழிக்கிறது. அது கிரப்பிடம் கோலைக் கொடுக்கிறது. கிரப், கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் தன் மூல அடைவு இருக்கும் வட்டுப் பகுதியைக் கண்டுபிடித்து இணைக்கிறது. பிறகு ‘இனிட்’ அல்லது ‘சிஸ்டம்-டி’ எனப்படும் முதல் நிரல் பிறக்கிறது. அது அமைவுக் கோப்புகளைப் படித்து, மற்ற வட்டுப் பகுதிகளை இணைத்து, சேவைகளை எழுப்பி, இறுதியில் ‘உன் பெயர் என்ன?’ என்று நம்மிடம் கேட்கிறது.

இந்த ஓட்டத்தில் கோல் எந்தக் கையில் தவறி விழுந்தது என்று கண்டுபிடிப்பதே மீட்புக் கலையின் முதற் பாடம். கிரப்பின் பட்டியலே தோன்றவில்லையா? குறை துவக்கு நிரலில் உள்ளது. பட்டியல் தோன்றி, மூல வட்டைக் காணோம் என்று கெர்னல் கூக்குரலிடுகிறதா? குறை கெர்னலுக்குக் கொடுத்த குறிப்பிலோ அதன் துணைக் கோப்பிலோ உள்ளது. அதையும் தாண்டி, ஏதோ ஒரு வட்டுக்காகத் தொண்ணூறு விநாடி காத்திருந்து, பிறகு ‘அவசர நிலை’ என்று அறிவித்து நிற்கிறதா? பெரும்பாலும் ‘இடிசி’ அடைவில் உள்ள ‘எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பிலேதான் குறை இருக்கும்.

நோய் எது, அதன் காரணம் எது என்று ஆராய்ந்த பிறகே மருத்துவத்தில் இறங்கச் சொன்னார் வள்ளுவர். நாமோ நோயைக் கேட்பதற்கு முன்பே ‘ஃபார்மட் போட்டுவிடு’ என்கிறோம். தலைவலி என்று வந்தவனிடம் தலையை மாற்றிவிடலாம் என்று சொல்லும் மருத்துவர் எவரேனும் உண்டா?

ஓர் அக்காவின் கணக்கு

எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகை. எங்கள் தெருவில் ஓர் அக்கா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய பழைய அரசு மடிக்கணிப்பொறியில் விண்டோஸ் மிக மெதுவாக ஓடியதால், அவர் தம்பி அதில் உபுண்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தான். பிறகு எங்கோ பார்த்துக் கற்றுக்கொண்டு, வெளியிலிருந்து செருகும் வட்டு ஒன்றை நிரந்தரமாக இணைக்க எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தான். வட்டு செருகியிருந்த வரையில் தொல்லை இல்லை. ஒரு மாதம் கழித்து அந்த வட்டை நண்பனிடம் கொடுத்துவிட்டான். மறுநாள் கணிப்பொறி எழவில்லை.

பக்கத்து ஊர்க் கடையில் காட்டியபோது, 700 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்களாம். ஈராண்டுக் கணக்கும் அழியும் என்பதையும் சேர்த்தே சொன்னார்களாம்.

“தம்பி, பதினாலு பேரோட கடன் கணக்கு இதுலதாம்ப்பா இருக்கு. யார் எத்தனை தவணை கட்டினாங்கன்னு பேங்க்ல கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் அக்கா.

“நோட்டுல எழுதலையாக்கா?”

“முதல் ஆறு மாசம் எழுதினேன். அப்புறம் கணிப்பொறிதான் இருக்கேன்னு விட்டுட்டேன்.”

திரையைப் பார்த்தேன். பராமரிப்புக்காக என்டர் பொத்தானை அழுத்துமாறு கணிப்பொறியே ஆங்கிலத்தில் கூறிக்கொண்டிருந்தது! அது சாகவில்லை. ‘நீங்கள் சொன்ன வட்டைக் காணவில்லை. வந்து பார்த்துச் சொல்லுங்கள்’ என்று வாசற்படியில் நின்று அழைத்துக்கொண்டிருந்தது. என்டரை அழுத்தினேன். கட்டளை வரி கிடைத்தது. எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, தம்பி சேர்த்த வரியின் தொடக்கத்தில் ஒரு ‘ஹேஷ்’ குறியை இட்டேன். அந்தக் குறி இட்ட வரியைக் கணிப்பொறி படிக்காமல் தாண்டிச் செல்லும். சேமித்து, மீண்டும் துவக்கியதும் கணிப்பொறி எழுந்துவிட்டது. பதினான்கு பேரின் கணக்கும் எழுந்தது.

இதை என் திறமைக்குச் சான்றாகக் கூறவில்லை. ஒரே ஓர் எழுத்துக்கும் ஈராண்டுக் கணக்கின் அழிவுக்கும் இடையே நின்றது, திரையில் இருந்ததைப் படிக்கும் பொறுமை மட்டுமே. அந்தப் பொறுமையை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குக் கற்பிக்கவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மீட்புக்கு நான்கு வாசல்கள்

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறியில் முன்வாசல் அடைபட்டாலும் நுழைவதற்கு வேறு வாசல்கள் உண்டு. எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசையாகக் கூறுகிறேன்.

முதல் வாசல், பழைய கெர்னல். புதிய கெர்னல் ஏறிய பிறகு எழவில்லையெனில், கிரப் பட்டியலில் முந்தைய கெர்னலும் பெரும்பாலும் காத்திருக்கும். பட்டியலே மறைந்திருந்தால், துவங்கும்போது எஸ்கேப் பொத்தானையோ, பழைய இயந்திரங்களில் ஷிஃப்ட் பொத்தானையோ அழுத்தினால் அது தலைகாட்டும். பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே செல்லலாம்.

இரண்டாம் வாசல், ஒற்றைப் பயனர் நிலை. கிரப் பட்டியலில் நின்றபடி ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால், துவக்கத்திற்கான கட்டளை வரிகள் திருத்துவதற்குத் திறக்கும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘சிங்கிள்’ என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால், சேவைகள் எதையும் எழுப்பாமல் மீட்பு நிலையில் கணிப்பொறி நிற்கும். இங்கே ஓர் ஆறுதல் உண்டு. இப்படிச் செய்யும் திருத்தம் அந்த ஒரு துவக்கத்திற்கு மட்டுமே செல்லும். தவறாக எழுதினாலும் அடுத்த முறை அது இராது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாம் வாசல், இனிட்டையே மாற்றுவது. சில வகை லினக்ஸில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால், மீட்பு நிலையும் ‘அனுமதி இல்லை’ என்று கைவிரித்துவிடும். அப்போது அதே வரியில், முதல் நிரலாக ‘பாஷ்’ ஷெல்லையே எழுப்பும்படி குறிப்புக் கொடுக்கலாம். அவ்வாறு நுழைந்தால் மூல அடைவு பெரும்பாலும் ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் இருக்கும். அதை எழுதத்தக்க நிலைக்கு மறு இணைப்புச் செய்த பிறகே கோப்பைத் திருத்த முடியும். இது தெரியாமல், ‘திருத்துகிறேன், சேமிக்க மாட்டேன் என்கிறதே!’ என்று திகைப்போர் பலர்.

நான்காம் வாசல், வெளியிலிருந்து வருவது. ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்து கணிப்பொறியைத் துவக்க வேண்டும். நோயுற்ற வட்டை ஓர் அடைவில் இணைத்து, ‘சி-எச்-ரூட்’ என்னும் கட்டளையால் அதையே மூல அடைவாகப் பாவித்து உள்ளே நுழைய வேண்டும். கிரப்பை மீண்டும் நிறுவுவதும், கெர்னலின் துணைக் கோப்பை மீண்டும் உண்டாக்குவதும் இங்கிருந்தே இயலும். இரட்டையரில் காணாமற்போனவரைத் திரும்ப அழைத்து வரும் வழியும் இதுவே. எதுவுமே கைகூடாவிட்டாலும், கோப்புகளை வேறொரு வட்டிற்குப் படியெடுத்துக்கொண்டு பிறகு புதிதாக நிறுவலாம். அழித்து நிறுவுவது கடைசி வழியாக இருக்க வேண்டும். நம் நாட்டில் அதுவே முதல் வழியாக இருக்கிறது.

இந்த நான்கைக் கற்க எத்தனை வகுப்புகள் வேண்டும்? இரண்டு பிற்பகல்கள் போதும் என்பது என் துணிபு.

1986இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி யூனிக்ஸ் உலகில் இன்றும் பேசப்படுகிறது. மூல அடைவில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை ஒன்று ஓடிவிட்டது. பாதியில் நிறுத்திப் பார்த்தபோது, அடிப்படைக் கட்டளைகள் இருந்த அடைவுகள் பலவும் மறைந்திருந்தன. அங்கிருந்தோர் பதறி மின்விசையை அணைக்கவில்லை. அணைத்திருந்தால் அது மீண்டும் எழுந்தே இராது. ஒரு முனையத்தில் ஈமேக்ஸ் என்னும் திருத்து நிரல் இன்னும் உயிரோடு இருந்தது. அதையும் பக்கத்து இயந்திரம் ஒன்றையும் துணைக்கொண்டு, சிறுசிறு நிரல்களை எழுதிச் சேர்த்து, காப்பு நாடாவிலிருந்து இழந்ததை மீட்டார்கள். இயந்திரத்தின் உள்ளமைப்பை அவர்கள் அறிந்திருந்ததும், பதறாமல் இருந்ததுமே அந்த மீட்புக்குக் காரணங்கள்.

மதகும் கலங்கலும்

கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து அமைத்த நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு அரை டி.எம்.சி. சென்னையின் தாகம் தீர்க்கும் நீர்நிலைகளுள் அதுவும் ஒன்று. ஏரிப் பாசனம் அறிந்த நம் முன்னோருக்கு ஒரு விதி தெரியும். நீரைத் திறந்துவிட மதகு இருந்தால் மட்டும் போதாது. மிகுந்த நீர் தானே வழிந்தோடக் கலங்கலும் இருக்க வேண்டும். கலங்கல் இல்லாத ஏரி முதற் பெருமழையிலேயே கரை உடைந்துவிடும்.

கணிப்பொறியில் அமைவுக் கோப்பை மாற்றுவது மதகைத் திறப்பது போன்றது. திரும்பும் வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதுதான் கலங்கல். அந்தக் கலங்கலைக் கட்டப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

கோப்பைத் தொடுவதற்கு முன் அதற்கு ஒரு படி எடுத்து, தேதியோடு பெயரிட்டு வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஐந்து மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், ஐவரில் குற்றவாளி யார் என்று தேடி அலைய நேரும். சோதிக்கும் வழி இருந்தால், மறுதுவக்கத்திற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியது சரியா என்று ‘மவுண்ட் -ஏ’ கட்டளை அப்போதே சொல்லிவிடும். ரூட் அனுமதி யாருக்கு என்று கூறும் ‘சுடோயர்ஸ்’ கோப்பைத் திருத்த ‘விசுடோ’ என்றே தனிக் கட்டளை இருக்கிறது. பிழையிருந்தால் அது சேமிக்கும் முன்பே எச்சரிக்கும். எப்போதும் செருகப்பட்டிராத வட்டின் வரியில் ‘நோஃபெயில்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தால், வட்டு இல்லாவிட்டாலும் கணிப்பொறி நிற்காமல் எழும். அந்த ஒரு சொல் இருந்திருந்தால் எங்கள் தெரு அக்கா அன்று கண் கலங்கியிருக்க வேண்டியதில்லை.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். அமைவுக் கோப்பில் நேரும் பிழை உடனே தெரிவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி அந்தக் கோப்பை மீண்டும் படிப்பதில்லை. மாதக்கணக்கில் பிழை உறங்கும். ஒரு நள்ளிரவில் மின்சாரம் நின்று வந்ததும் அது விழிக்கும். அப்போது மாற்றம் செய்தவர் வேறு வேலைக்குச் சென்றிருப்பார். ஆகவே மாற்றம் செய்த அன்றே, நாம் அருகில் இருக்கும்போதே, ஒருமுறை மறுதுவக்கிப் பார்ப்பது நல்லது. செய்ததைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது அதைவிட நல்லது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இன்று சிப்காட் தொழிற்பூங்காவும் மிச்செலின் டயர் தொழிற்சாலையும் நிற்கும் நிலம், ஒரு காலத்தில் ஊர் மாடுகள் மேய்ந்த நிலம். அது தொழிற்பூங்காவுக்கு என்று ஆனபோது ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். 2009இல் அந்தத் தொழிற்சாலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த வழக்கின் இரு பக்கங்களையும் இங்கே ஆராய நான் புகவில்லை. ஒன்று மட்டும் உறுதி. நிலத்தில் செய்யும் மாற்றத்திற்கு முந்தைய படி ஒன்று எடுத்து வைக்க முடியாது. பழைய மேய்ச்சற்காட்டுக்கு மறுதுவக்கம் இல்லை. கோப்பில் செய்யும் மாற்றத்திற்கோ படி எடுக்க ஒரே கட்டளை போதும். திரும்ப முடியாத மாற்றத்தைக் கண்ணால் கண்ட ஊர்ப் பிள்ளைகள் நாங்கள். திரும்பும் வழியின் அருமையை எங்களைவிட நன்கு உணர்ந்தவர் யார்?

அருகில் இருப்பவரே மருத்துவர்

2024 ஜூலை 19 அன்று நடந்ததை அனைவரும் அறிவோம். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு அனுப்பிய ஒரு சிறு அமைவுக் கோப்பில் பிழை இருந்தது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் விழுந்தன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது யூனிக்ஸ் அன்று, விண்டோஸ்தான். ஆயினும் பாடம் ஒன்றே.

நிறுவனம் 78 நிமிடங்களில் பிழையான கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் விழுந்த இயந்திரம் இணையத்தில் ஏறிப் புதிய கோப்பைப் பெறுவது எங்ஙனம்? எழுந்தால்தானே பெறும்! ஆகவே பெரும்பாலான இயந்திரங்களின் அருகே ஒரு மனிதர் செல்ல வேண்டியதாயிற்று. பாதுகாப்பு நிலையில் துவக்கி, அந்த ஒரு கோப்பை அழித்து, மீண்டும் துவக்க வேண்டியதாயிற்று. பல இடங்களில் அதற்கு நாட்கள் பிடித்தன.

நண்பர்களே, இதிலுள்ள பொருளை எண்ணிப் பாருங்கள்! எழுந்து நிற்கும் இயந்திரத்தைப் பெங்களூரிலிருந்தும் நிர்வகிக்கலாம், பாரிசிலிருந்தும் நிர்வகிக்கலாம். எழாத இயந்திரத்தை எழுப்ப, பெரும்பாலும் அதன் அருகில் ஓர் ஆள் வேண்டும். தேர்வாய் கண்டிகையில் விழுந்த இயந்திரத்திற்குத் தேர்வாய் கண்டிகையில் உள்ளவரே முதல் மருத்துவர். தொலைவிலிருந்து யாரும் பறித்துக்கொள்ள முடியாத வேலை இது. இன்று எங்கள் தெருவிலிருந்து தொழிற்பூங்காவுக்குச் செல்லும் அண்ணன்மார் பலர் ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சுமை ஏற்றுகிறார்கள், காவல் நிற்கிறார்கள், தோட்டம் பார்க்கிறார்கள். உழைப்பில் இழிவில்லை. ஆனால் கணிப்பொறி அறிவியலில் பட்டம் பெற்ற பிள்ளையும் அதே வரிசையில் நிற்பானேயானால், குறை அவனிடம் மட்டுமா, அவன் கற்ற முறையிலுமா?

மறுப்புகளும் விடைகளும்

‘புதிதாக நிறுவ அரை மணி நேரம், பழுது பார்க்க ஒரு நாள். எது சிக்கனம்?’ என்று கேட்போர் உண்டு. நிறுவுவதற்கு அரை மணி என்பது உண்மையே. ஆனால் நிறுவிய பின் பழைய நிலைக்குக் கொண்டுவர எத்தனை நாள்? அச்சுப்பொறி, வலையமைப்பு, பயனர் கணக்குகள், தரவுத்தளம் அனைத்தையும் மீண்டும் அமைக்க வேண்டும். படி எடுத்திராத தரவு போனால் போனதுதான். மேலும், காரணம் அறியாமல் அழித்து நிறுவினால் அதே பிழை மறுபடியும் வரும். பெரிய நிறுவனங்களில், அமைவு முழுவதையும் எழுதி வைத்து, பழுதான இயந்திரத்தைத் தூக்கி எறிந்து புதியதை நொடியில் எழுப்பும் முறை உண்டு. அது சிறந்த முறையே. ஆனால் அங்கும் எந்த மாற்றத்தால் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

‘கடவுச்சொல் இல்லாமல் நுழையும் வழிகளை மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பது திருடனுக்குச் சாவி கொடுப்பதாகாதா?’ என்பது இரண்டாவது மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. இயந்திரத்தின் அருகே தனியே அமர முடிந்தவருக்கு மேற்சொன்ன வாசல்கள் திறக்கும் என்பது உண்மையே. ஆனால் அதை மறைத்து வைப்பதால் வாசல் மூடிக்கொள்ளாது. கிரப்பிற்குக் கடவுச்சொல் இடலாம். வட்டையே மறைகுறியாக்கம் செய்யலாம். சர்வர் அறையைப் பூட்டலாம். வாசல் எங்கே இருக்கிறது என்று அறிந்தவரால்தான் அதற்குப் பூட்டுப் போடவும் முடியும்.

‘கல்லூரிக் கணிப்பொறிகளை மாணவர் கெடுத்துவிடுவார்கள்’ என்பது மூன்றாவது. இதற்கு இன்று எளிய விடை உண்டு. ஒரு கணிப்பொறிக்குள்ளேயே மெய்நிகர்க் கணிப்பொறி ஒன்றை ‘வர்ச்சுவல்பாக்ஸ்’ போன்ற இலவச நிரலால் உண்டாக்கலாம். அதன் நிலையை ஒரு நொடியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மாணவர் அதை எத்தனை முறை கெடுத்தாலும், பழைய படத்திற்குத் திரும்பினால் போதும். உண்மைக் கணிப்பொறிக்கு ஒரு கீறலும் விழாது.

வேண்டுவது என்ன?

செய்முறைத் தேர்வில் ஒரு வினா இவ்வாறு அமையட்டும். ஆசிரியர் மெய்நிகர்க் கணிப்பொறியில் ஒரு பிழையை முன்கூட்டியே செய்து வைப்பார். எஃப்எஸ்டேப்பில் ஒரு தவறான அடையாள எண். அல்லது கிரப்பில் தவறான வட்டு. அல்லது பயனரின் ஷெல்லுக்கு இல்லாத பாதை. மாணவர் அதை எழுப்ப வேண்டும். எழுப்பியதற்குப் பாதி மதிப்பெண். என்ன கண்டேன், எதைச் சந்தேகித்தேன், எதை மாற்றினேன் என்று வரிசையாக எழுதியதற்கு மறுபாதி. எழுப்ப முடியாமற்போனாலும், காரணத்தைச் சரியாக ஆராய்ந்து எழுதியவருக்கு அந்த மறுபாதி உண்டு. மனப்பாடம் செய்து எழுதும் நிரலுக்கு மதிப்பெண் கொடுக்கும்போது, சிந்தித்துத் தேடிய முயற்சிக்குக் கொடுத்தால் என்ன?

இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. புதிய நிதியும் வேண்டியதில்லை. லினக்ஸ் இலவசம். மெய்நிகர் நிரல் இலவசம். பென்டிரைவ் ஒன்று சில நூறு ரூபாய். வேண்டியது ஒன்றே. ‘தொடாதே, கெட்டுவிடும்’ என்பதை விடுத்து, ‘தொட்டுப் பார், கெட்டால் எழுப்பக் கற்றுக்கொள்’ என்று சொல்லும் மனம்.

நமது பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அது மாறும் வரையில் நாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். துறை மன்றத்தின் வழியே மாதம் ஒரு பிற்பகல் போதும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒரு பிழையை ஒளித்து வைக்கட்டும். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கையர் அதைக் கண்டுபிடிக்கட்டும். ஊருக்குத் திரும்பும்போது ஒவ்வொருவர் பையிலும் ஒரு மீட்புப் பென்டிரைவ் இருக்கட்டும். நம் தெருக்களில் மூலையில் கிடக்கும் அரசு மடிக்கணிப்பொறிகளில் எத்தனை உண்மையிலேயே இறந்தவை, எத்தனை வாசற்படியில் நின்று அழைப்பவை என்று போய்ப் பார்ப்போம். எழுப்பக்கூடியவற்றை எழுப்புவோம். அவற்றின் உள்ளே யாரோ ஒருவரின் கணக்கோ, கடிதமோ, குழந்தையின் புகைப்படமோ காத்திருக்கக்கூடும்.